பூஞ்சைகளின் வளர்ச்சியில் கால்சியம் சமிக்ஞை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியலும் பயிர் நோயியலும் படிப்பவர்கள் பெரும்பாலும் எழுப்பும் ஐயங்களை மனத்தில் கொண்டு இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. ஈஸ்ட் செல்லில் உறுதி செய்யப்பட்ட ஒன்றை எல்லாப் பூஞ்சைகளுக்கும் பொதுவான விதி என்று எழுதிவிடும் பழக்கம் பாடநூல்களில் மிகுந்திருப்பதால், எந்தச் செய்தி எந்தப் பூஞ்சையில் கண்டறியப்பட்டது என்பதை ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கால்சியம் பூஞ்சைக்கு ஓர் ஊட்டச்சத்தா?

ஊட்டச்சத்துதான், ஆனால் மிகச் சிறிய அளவில் போதுமானது. விலங்குகள் எலும்பிலும், தாவரங்கள் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினிலும் கால்சியத்தைக் கட்டுமானப் பொருளாகப் பயன்படுத்துகின்றன. பூஞ்சையின் செல் சுவரோ முதன்மையாகக் குளுக்கனாலும் கைட்டினாலும் ஆனது. நியூரோஸ்போரா என்ற இழைப்பூஞ்சையை வளர்க்கும் ஆய்வுக்கூடங்களில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் வோகல் ஊடகத்தில், ஒரு லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் பாஸ்பேட் சேர்க்கப்படும்போது கால்சியம் குளோரைடு 0.1 கிராம் அளவே சேர்க்கப்படுகிறது. மேலும், பல பூஞ்சைகள் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து, சுற்றியுள்ள கால்சியத்தை ஆக்சலேட் படிகங்களாக இழைகளின் வெளிப்புறத்திலேயே படியவைக்கின்றன. உள்ளே வேண்டியது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எந்த இடத்தில், எந்த நொடியில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் ‘கால்சியம் சமிக்ஞை’ என்பது எதைக் குறிக்கிறது?

செல்லின் சைட்டோசாலில், அதாவது உள்ளுறுப்புகளுக்கு வெளியே உள்ள நீர்மப் பகுதியில், கட்டற்ற கால்சியம் அயனிகளின் செறிவு சுமார் 100 நானோமோலார் அளவிலேயே அடக்கிவைக்கப்படுகிறது. வெளியே உள்ள கரைசலில் அது ஒரு மில்லிமோலாராக இருந்தால், இரண்டுக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. இவ்வளவு கடுமையான அடக்குமுறைக்கு ஓர் அடிப்படை வேதியியல் காரணம் உண்டு: செல்லின் ஆற்றல் கணக்கு முழுவதும் பாஸ்பேட்டால் நடப்பது, கால்சியம் மிகுந்தால் அது பாஸ்பேட்டுடன் சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்துவிடும்.

அடக்கிவைத்திருப்பதே அதைச் செய்தி சொல்லத் தகுந்ததாகவும் ஆக்குகிறது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஈஸ்ட் செல்லின் கொள்ளளவைச் சுமார் 40 ஃபெம்டோலிட்டர் என்று கொண்டால், 100 நானோமோலார் என்பது ஏறத்தாழ 2,400 அயனிகள் மட்டுமே. சவ்வில் உள்ள ஒரு வாய்க்கால் திறந்து இன்னும் சில ஆயிரம் அயனிகள் நுழைந்தாலே உள்ளே செறிவு இரண்டு, மூன்று மடங்காகிவிடும். சோடியத்தையோ பொட்டாசியத்தையோ கொண்டு இவ்வளவு சிக்கனமாகச் செய்தி அனுப்ப முடியாது. அவை ஏற்கெனவே உள்ளே மிகுதியாக இருப்பவை. இப்படித் திடீரென உயர்ந்து, புரதங்களால் உணரப்பட்டு, மீண்டும் விரைந்து தாழும் இந்த நிகழ்வையே கால்சியம் சமிக்ஞை என்கிறோம்.

உள்ளே வரும் கால்சியம் எங்கே போகிறது?

பேக்கரி ஈஸ்ட்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியேயில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. பெரும்பகுதி, வாக்குவோல் என்ற பை போன்ற உள்ளுறுப்புக்குள் தள்ளப்பட்டு, அங்குள்ள பாலிபாஸ்பேட் சங்கிலிகளுடன் பிணைந்து கிடக்கிறது. தள்ளும் வேலையைச் செய்பவை இரண்டு புரதங்கள்: பி.எம்.சி.1 செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்து இயங்கும் பம்பு, வி.சி.எக்ஸ்.1 புரோட்டான்களை வெளியே விட்டு அதற்கு ஈடாகக் கால்சியத்தை உள்ளே இழுக்கும் மாற்றி. கோல்கி உறுப்பில் பி.எம்.ஆர்.1 என்ற மூன்றாவது பம்பு இருக்கிறது. அது மாங்கனீசையும் கடத்துகிறது. வாக்குவோலின் சவ்வில் உள்ள ஒய்.வி.சி.1 என்ற வாய்க்கால், சூழலின் உப்புச்செறிவு திடீரென உயரும்போது சேமிப்பிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடுகிறது.

வாக்குவோல் சவ்வு புரோட்டான் சரிவை, அதாவது சவ்வின் இருபுறமும் உள்ள செறிவு வேறுபாட்டைப் பயன்படுத்திக் கால்சியத்தை உறிஞ்சுகிறது என்பதை 1983-இல் காட்டியவர்கள் ஜப்பானின் யோஷினோரி ஓசுமியும் யசுஹிரோ அன்ராகுவும். அதே ஓசுமிதான் பின்னர் அதே வாக்குவோலை உற்றுநோக்கித் செல் தன் பாகங்களையே செரித்துக்கொள்ளும் தன்விழுங்கல் என்ற நிகழ்வின் மரபணுக்களைக் கண்டறிந்து 2016-இல் நோபல் பரிசு பெற்றார். ‘செல்லின் குப்பைத் தொட்டி’ என்று பலரும் ஒதுக்கிவைத்திருந்த ஓர் உறுப்பின் மீது ஒருவர் விடாமல் வைத்திருந்த கவனம் இரண்டு துறைகளை வளர்த்திருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு எப்போதும் விருப்பம் உண்டு.

கால்சியம் இல்லாவிட்டால் பூஞ்சை உண்மையில் இறந்துவிடுமா?

சாதாரணமாக வளர்ந்து பிரியும் ஈஸ்ட், கால்சியம் மிகக் குறைந்த ஊடகத்திலும் பெரிதாகத் துன்பப்படுவதில்லை. ஆனால் இணைசேரும் நேரத்தில் நிலைமை வேறு. ஈஸ்ட்டில் ‘ஏ’, ‘ஆல்ஃபா’ என இரண்டு இணைவகைகள் உள்ளன. ஆல்ஃபா வகை வெளிவிடும் 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஃபெரோமோன், ஏ வகைச் செல்லை எட்டியதும் அந்தச் செல் பிரிவதை நிறுத்தி, ஒரு பக்கமாக நீண்டு பேரிக்காய் போன்ற வடிவம் எடுக்கிறது. இந்த ஃபெரோமோன் செல்லுக்குள் கால்சியம் நுழைவதை முடுக்கிவிடுகிறது என்பதை ஓசுமியும் அன்ராகுவும் 1985-இல் அறிவித்தனர். வெளியே கால்சியம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று அன்ராகு, ஹிடெடோஷி ஈடா ஆகியோரின் குழு தொடர்ந்து பார்த்தது. செல் வழக்கம்போல வடிவம் மாறியது, பின்னர் இறந்தது. அதாவது வடிவம் மாறத் தொடங்குவதற்குக் கால்சியம் தேவைப்படவில்லை. மாறிய பிறகு உயிரோடிருக்கத் தேவைப்பட்டது.

இதே முறையில் இறக்கும் திரிபுகளைத் தேடிப் பிடித்தபோது கிடைத்த மரபணுவுக்கு, ‘இணைசேர் ஃபெரோமோன் தூண்டிய இறப்பு’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கொண்டு மிட்1 என்று 1994-இல் பெயரிட்டனர். அதனுடன் இணைந்து இயங்கும் சி.சி.எச்.1 என்ற புரதம் 1997-இல் அறியப்பட்டது. அது நம் இதயத் தசையிலும் நரம்புகளிலும் உள்ள, மின்னழுத்தத்தால் திறக்கும் கால்சியம் வாய்க்கால்களின் உறவினம். நரம்பு இல்லாத ஓர் உயிரியில் நரம்பின் வாய்க்கால் இருக்கிறது என்றால், வாய்க்கால் முதலில் தோன்றியது, நரம்பு பின்னர் அதைப் பயன்படுத்திக்கொண்டது என்றுதான் கொள்ள வேண்டும். ஊட்டம் மிகுந்த ஊடகத்தில், ஃபிக்1 என்ற புரதத்தைச் சார்ந்த மற்றொரு நுழைவழியும் ஃபெரோமோனின் தூண்டுதலால் இயங்குகிறது.

செய்தியைப் படிப்பது யார்?

முதல் வாசகர் கால்மோடுலின். இது கால்சியத்தைப் பிணைக்கும் மடிப்புகளைக் கொண்ட சிறிய புரதம். கால்சியம் ஏறியதும் உருவம் மாறி, கால்சிநியூரின் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. கால்சிநியூரினின் வேலை மற்றப் புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுவது. ஈஸ்ட்டில் அது கழற்றும் முக்கியமான இலக்கு, 1997-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்த சி.ஆர்.இசட்.1 என்ற படியெடுத்தல் காரணி. பாஸ்பேட் நீங்கியதும் அது உட்கருவுக்குள் நுழைந்து பல மரபணுக்களை இயக்குகிறது. அவற்றுள் கால்சியத்தை வெளியேற்றும் பம்புகளின் மரபணுக்களும், செல் சுவரின் குளுக்கனை நெய்யும் எஃப்.கே.எஸ்.2 என்ற நொதியின் மரபணுவும் அடங்கும். நம் வெள்ளை அணுக்களில் இதே கால்சிநியூரின் என்.எஃப்.ஏ.டி. என்ற வேறொரு காரணியை இதே முறையில் உட்கருவுக்குள் அனுப்புகிறது. மருந்துகளைப் பற்றிப் பேசும்போது இந்த ஒற்றுமை பெரிய சிக்கலாகத் திரும்பி வரும்.

இதில் என்னை மிகவும் ஈர்க்கும் ஆய்வு, மைக்கேல் எலோவிட்ஸின் குழு 2008-இல் வெளியிட்டது. தனித்தனி ஈஸ்ட் செல்களைப் படம்பிடித்துப் பார்த்தபோது, சி.ஆர்.இசட்.1 உட்கருவில் தொடர்ந்து தங்குவதில்லை என்பதும், குறுகிய நேரத்துக்கு நுழைந்து வெளியேறித் திரும்பவும் நுழைகிறது என்பதும் தெரிந்தன. ஊடகத்தில் கால்சியத்தைக் கூட்டியபோது ஒவ்வொரு முறையும் தங்கும் நேரம் நீளவில்லை. நுழைவுகள் அடிக்கடி நிகழ்ந்தன. கோயில் மணியை ஓங்கி அடிப்பதற்கும் அடிக்கடி அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அடிக்கடி அடிக்கும் முறையில், தன் கட்டுப்பாட்டில் உள்ள எல்லா மரபணுக்களின் அளவையும் ஒரே விகிதத்தில் ஏற்றவும் இறக்கவும் செல்லால் முடிகிறது.

கால்மோடுலின் எப்போதும் கால்சியத்தின் துணையோடுதான் இயங்குகிறதா?

இல்லை. கால்சியத்தைப் பிணைக்கவே முடியாதபடி திருத்தப்பட்ட கால்மோடுலினைக் கொண்டு ஈஸ்ட் செல்கள் நன்றாக வளர்கின்றன என்று 1991-இல் காட்டப்பட்டது. ஆனால் கால்மோடுலினை முற்றிலும் நீக்கினால் செல் இறந்துவிடும். உட்கருப் பிரிவுக்கான கதிர்முனைக் கட்டமைப்பில் அதற்குக் கால்சியத்தைச் சாராத வேலை இருக்கிறது. இதைப் படித்தவுடன் ‘பூஞ்சைகளில் கால்மோடுலினுக்குக் கால்சியம் வேண்டியதில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற இழைப்பூஞ்சையில் இதே சோதனையைச் செய்தபோது, கால்சியத்தைப் பிணைக்காத கால்மோடுலினால் அந்தப் பூஞ்சையை வாழவைக்க முடியவில்லை. முன்னுரையில் நான் குறிப்பிட்ட எச்சரிக்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பூஞ்சை இழையின் நுனி வளர்ச்சிக்கும் கால்சியத்துக்கும் என்ன தொடர்பு?

நியூரோஸ்போரா கிராசாவின் இழை நுனி ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டர் முன்னேறும். நுனியின் குவிந்த சிறு பகுதியில் மட்டுமே புதிய சவ்வும் புதிய சுவரும் சேர்கின்றன. அவற்றுக்கான பொருள்களை ஏற்றிய நுண்பைகள் இழையின் பின்பகுதியிலிருந்து வந்து நுனியில் திரண்டு, சவ்வோடு கலந்து தம் சரக்கை வெளியே இறக்குகின்றன. சரக்கு நுனியில் மட்டும் இறங்க வேண்டும், பக்கவாட்டில் இறங்கக் கூடாது என்பதை எது உறுதி செய்கிறது என்ற கேள்விக்கு, நீண்ட காலமாக முன்வைக்கப்பட்டுவரும் விடைகளுள் ஒன்று கால்சியம்.

வளரும் இழைகளின் நுனியில் கால்சியம் மிகுந்தும் பின்னால் குறைந்தும் இருப்பதை 1990-களில் ஒளிரும் சாயங்களால் கண்டார்கள். வளராமல் நின்றுவிட்ட இழைகளில் இந்தச் சரிவு காணப்படவில்லை. ஒரு குறிப்பு: நுனிக் கால்சியத்தைப் பற்றிய தொடக்க கால ஆய்வுகள் கணிசமான அளவு சாப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூசணத்தில் செய்யப்பட்டவை. அது இழைவடிவில் வளர்ந்தாலும் உண்மையான பூஞ்சை அன்று. பழுப்புப் பாசிகளின் உறவினம். அங்கே நுனிச் சவ்வில் உள்ள வாய்க்கால்கள் வழியாகக் கால்சியம் நுழைவது முக்கியம் என்று தெரிந்தது. நியூரோஸ்போராவிலோ, கனடாவின் ரோஜர் லூவின் ஆய்வுக்குழு, நுனிக் கால்சியம் வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளிருக்கும் நுண்பைகளிலிருந்தே விடுவிக்கப்படுகிறது என்றும், இனோசிட்டால் மூபாஸ்பேட் என்ற மூலக்கூறு அதைத் தூண்டுகிறது என்றும் வாதிட்டது. 2003-இல் நியூரோஸ்போராவின் மரபணுத்தொகுதி வெளியானபோது, அந்த மூலக்கூறை உணரும் விலங்கு வாய்க்காலை ஒத்த மரபணு எதுவும் அதில் அடையாளம் காணப்படவில்லை. உடலியங்கியல் சோதனை ஒன்றைச் சொல்ல, மரபணுப் பட்டியல் வேறொன்றைச் சொன்னது. பட்டியலில் இல்லை என்பதற்காகச் சோதனையைத் தள்ளிவிட முடியாது. தோற்றத்தில் முற்றிலும் வேறான புரதம் ஒன்று அதே வேலையைச் செய்யக்கூடும்.

மரபணு வழியே செல்லுக்குள் செலுத்தப்படும் ஒளிரும் உணரிகள் வந்த பிறகு படம் இன்னும் மாறியது. 2012-இல் ஃபியூசேரியம் இனங்களிலும் நெல் குலை நோய்ப் பூஞ்சையிலும் இவ்வகை உணரியைச் செலுத்திப் பார்த்தபோது, நுனியில் கண்டது நிலையான சரிவு அன்று, விட்டு விட்டு எழும் துடிப்புகள். 2017-இல் நோரியோ தகெஷிதாவும் அவருடைய கூட்டாளிகளும் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸில் இத்துடிப்புகளை வளர்ச்சியோடு பொருத்திக் காட்டினார்கள். இழை சீராக நீள்வதில்லை. விட்டு விட்டு நீள்கிறது. நுனியில், செல்லின் உட்சட்டமான ஆக்டின் இழைகளும் சரக்கு நுண்பைகளும் திரள்கின்றன, அப்போது கால்சியத் துடிப்பு ஒன்று எழுகிறது, அது சவ்வோரத்து ஆக்டினைக் கலைத்து, நுண்பைகள் சவ்வோடு கலக்க வழிவிடுகிறது, நுனி முன்னேறுகிறது, கால்சியம் பரவிக் கரைந்ததும் மீண்டும் திரட்சி தொடங்குகிறது. மிட்1, சி.சி.எச்.1 ஆகியவற்றுக்கு நிகரான இரு வாய்க்கால்களையும் நீக்கிய பூஞ்சையில் இந்தத் தாளம் குலைந்தது. ஆனாலும் நுனி முற்றிலும் நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கால்சியம் வளர்ச்சிக்கு ஒழுங்கு தருகிறது. வளர்ச்சியின் ஒரே எந்திரம் அதுவன்று.

கிளை விடுவதையும் அது தீர்மானிக்கிறதா?

தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று. கால்சியத்தைச் சவ்வின் ஊடே கடத்திச் செல்லும் ஏ23187 என்ற சேர்மத்தை நியூரோஸ்போராவின் இழைகளுக்குக் கொடுத்தபோது, நுனிகள் பிளந்து மிகுதியாகக் கிளைத்தன என்று 1983-இல் அறிவிக்கப்பட்டது. அதே பூஞ்சையில் கால்சிநியூரினைக் குறைத்தபோது நுனிக் கால்சியச் சரிவு மறைந்து, இழைகள் வடிவம் கெட்டு, வளர்ச்சி நின்றதை 1997-இல் கண்டார்கள். கால்சியம் நுனியில் மட்டும் குவிந்திருக்கும்வரை ஒரே நுனி. அந்தக் குவிவு கலைந்தால் பல நுனிகள் என்று இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இழைகள் திசையை எப்படி அறிகின்றன?

மனிதரைத் தாக்கும் பூஞ்சையான கேண்டிடா ஆல்பிகன்ஸின் இழைகள், தாம் ஊர்ந்து செல்லும் பரப்பில் உள்ள மேடுபள்ளங்களைத் தடவி உணர்ந்து, பள்ளத்தின் வழியே திரும்பிச் செல்லும். மின்புலத்தில் வைத்தால் ஒரு குறிப்பிட்ட முனையை நோக்கி வளையும். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா பிராண்டும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சி.சி.எச்.1, மிட்1 ஆகியவற்றை இழந்த இழைகள் வழக்கம்போல நீண்டாலும், இவ்வாறு திரும்பும் திறன் அவற்றில் குறைந்துவிட்டது. குருட்டு விரல் போன்ற ஒரு நுனி திசுவின் இடுக்குகளில் வழி கண்டுபிடிப்பதற்கு இந்தத் தொடுவுணர்வு உதவக்கூடும்.

வித்து உண்டாவதில் பங்கு உண்டா?

உண்டு, இதுவே இத்துறையின் பழைய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. பென்சிலின் தந்த இனமான பெனிசிலியம் நொட்டேட்டம், நீர்ம ஊடகத்தில் மூழ்கியிருக்கும்போது பொதுவாகக் கொனிடியம் எனப்படும் பாலிலா வித்துகளை உண்டாக்காது. ஊடகத்தில் கால்சியத்தைக் கூட்டினால் மூழ்கிய நிலையிலேயே வித்துகள் உண்டாகும் என்று 1958-இல் ஹேட்லியும் ஹாரல்டும் காட்டினார்கள்.

நெல் குலை நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தமிழக உழவர்கள் நன்கறிந்த இந்நோயை உண்டாக்குவது மேக்னபோர்த்தே ஒரைசே. இலையில் விழுந்த வித்து முளைத்துச் சிறு குழாயை விடுகிறது. குழாயின் நுனி, இலையின் கடினமான, நீரை விலக்கும் பரப்பை உணர்ந்ததும் வீங்கி, அப்ரசோரியம் என்ற கருநிறக் குமிழாக மாறுகிறது. அக்குமிழுக்குள் கிளிசரால் சேர்ந்து, அழுத்தம் 8 மெகாபாஸ்கல்வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 80 மடங்குவரை ஏறுகிறது. அந்த அழுத்தத்தால் தள்ளப்படும் மெல்லிய முளை இலைத்தோலைக் குத்தி உள்ளே நுழைகிறது.

‘இது கடினமான பரப்பு, இங்கே குமிழாகு’ என்ற முடிவை எடுப்பதில் கால்சியம் பங்கேற்கிறது. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈ.ஜி.டி.ஏ.வைச் சேர்த்தபோது வித்துகள் அப்ரசோரியத்தை உண்டாக்கத் தவறின; கால்சியத்தைத் திரும்பச் சேர்த்தபோது உண்டாக்கின; கால்மோடுலினைத் தடுக்கும் சேர்மங்களும் குமிழைத் தடுத்தன. இவை 1990-களின் பிற்பகுதியில் கொரிய ஆய்வாளர்கள் கண்டவை. பின்னர் அங்கிருந்தே வந்த மரபணு ஆய்வுகள் இரண்டு படிகளைப் பிரித்துக் காட்டின. கால்சிய ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் சி நொதியை இழந்த பூஞ்சையில் அப்ரசோரியம் உருவாவதே பழுதுபட்டது. சி.ஆர்.இசட்.1-ஐ இழந்த பூஞ்சையில் அப்ரசோரியம் உருவானாலும் அதனால் இலையைச் சரியாகத் துளைக்க முடியவில்லை. ஒரே அயனி, குமிழை அமைக்கும்போதும் குமிழை இயக்கும்போதும் வெவ்வேறு கைகளின் வழியே வேலை செய்கிறது.

இதிலிருந்து ‘வயலில் கால்சியத்தைக் குறைத்தால் நோய் குறையும்’ என்றோ ‘கூட்டினால் நோய் கூடும்’ என்றோ முடிவு செய்வது தவறு. மண்ணிலும் பயிரிலும் கால்சியம் தாராளமாக இருக்கிறது. நெற்பயிரின் தற்காப்பும் கால்சியச் சமிக்ஞையைச் சார்ந்தே இயங்குகிறது.

மனிதரைத் தாக்கும் பூஞ்சைகளில் கால்சிநியூரின் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1997-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஹைட்மனின் குழு, மூளையுறை அழற்சியை உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸில் கால்சிநியூரினை நீக்கியது. அந்தப் பூஞ்சை 24 பாகை செல்சியஸில் வளர்ந்தது. 37 பாகையில் வளரவில்லை. விலங்குகளில் நோயையும் உண்டாக்கவில்லை. நம் உடலின் வெப்பமே அதற்குத் தாங்க முடியாத அழுத்தமாகிவிட்டது. 2006-இல் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸில் இதே நொதியை நீக்கியபோது, இழைகள் குட்டையாகி, நுனிகள் மழுங்கி, நோயுண்டாக்கும் திறன் போயிற்று. கேண்டிடா ஆல்பிகன்ஸ் வழக்கமாக ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தின் முன் வளர்ச்சியை நிறுத்தித் தாக்குப்பிடிக்கும். கால்சிநியூரினையும் சேர்த்துத் தடுத்தால் இறந்துவிடும்.

2021-இல் கோவிட் அலையின்போது ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பெயரில் நாம் அஞ்சிய நோய் மியூக்கோரேல்ஸ் வரிசையைச் சேர்ந்த பூஞ்சைகளால் வருவது. அவ்வரிசையின் மியூக்கோர் சர்சினெல்லாய்டஸ், கால்சிநியூரின் தடுக்கப்பட்டால் காற்றுள்ள சூழலிலும் இழையாக வளராமல் ஈஸ்ட் வடிவிலேயே நின்றுவிடுகிறது என்றும், அவ்வடிவில் அதன் வீரியம் குறைவு என்றும் 2013-இல் அறியப்பட்டது. ஓர் உயிரி எந்த உருவத்தில் வாழும் என்பதையே ஒரு நொதி முடிவு செய்கிறது.

அப்படியானால் கால்சிநியூரினைத் தடுக்கும் மருந்தை நோயாளிக்குக் கொடுக்கலாமே?

அத்தகைய மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன, சிக்கலும் அங்கேதான். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் என்று அழைக்கப்படும் எஃப்.கே.506 ஆகிய இரண்டும் கால்சிநியூரினைத் தடுப்பவை. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களின் உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்க அவற்றைத்தான் கொடுக்கிறோம். பூஞ்சையின் கால்சிநியூரினைத் தடுக்கும்போதே நோயாளியின் வெள்ளை அணுக்களிலும் அது தடுக்கப்படுகிறது. பூஞ்சையை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பாற்றல் குன்றிவிடுகிறது. (சைக்ளோஸ்போரின், டோலிபோக்ளேடியம் இன்ஃப்ளேட்டம் என்ற மண்பூஞ்சையிலிருந்து கிடைத்தது, பூஞ்சைகள் இப்படைக்கலத்தை நமக்கு முன்பே வைத்திருந்தன.)

எஃப்.கே.506 நேரடியாகக் கால்சிநியூரினைத் தொடுவதில்லை, எஃப்.கே.பி.பி.12 என்ற சிறு புரதத்தோடு சேர்ந்த பிறகே அதைப் பற்றுகிறது. இம்மூன்றும் சேர்ந்த அமைப்பின் முப்பரிமாண வடிவத்தைப் பல நோயுண்டாக்கும் பூஞ்சைகளிலிருந்து எடுத்து 2019-இல் வெளியிட்டார்கள். பூஞ்சைப் புரதத்துக்கும் மனிதப் புரதத்துக்கும் இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு, நம் வெள்ளை அணுக்களை அதிகம் தொடாத மூலக்கூறுகளை வடிவமைக்கும் முயற்சி அதிலிருந்து தொடர்கிறது. இது நிறைவேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஊடுருவும் பூஞ்சை நோய்களுக்கு நம் கையில் உள்ள மருந்து வகைகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

பூஞ்சையின் உயிர்க்கடிகாரத்தையும் கால்சியம் தொடுகிறதா?

நியூரோஸ்போராவில் தொடுகிறது. கால்சியமும் கால்மோடுலினும் தூண்டும் கைனேஸ் நொதி ஒன்று, கடிகாரத்தின் மையப் புரதமான எஃப்.ஆர்.கியூ.வுக்குப் பாஸ்பேட் சேர்க்கிறது என்று 2001-இல் அறிவிக்கப்பட்டது.

செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தை எப்படி அளக்கிறார்கள்?

மூன்று தலைமுறைகள் உண்டு. முதலில் வந்தவை ஒளிரும் சாயங்கள். பூஞ்சை அவற்றை வாக்குவோலுக்குள் தள்ளிவிடுவதால் சைட்டோசாலை அளக்கிறோமா வாக்குவோலை அளக்கிறோமா என்ற குழப்பம் அடிக்கடி எழுந்தது. அடுத்தது, ஒசாமு ஷிமோமுரா 1962-இல் ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்த ஏகோரின். கால்சியம் பட்டதும் தானே ஒளி உமிழும் இப்புரதத்தின் மரபணுவை 1991-இல் ஈஸ்ட்டிலும், 2004-இல் பூஞ்சைக்கேற்பத் திருத்தி இழைப்பூஞ்சைகளிலும் இயக்கினார்கள். அதன் ஒளி மங்கலானது. ஆயிரக்கணக்கான செல்களின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். மூன்றாவது, இழையின் நுனியைத் தனியே படம்பிடிக்க உதவும் ஒளிரும் புரத உணரிகள். நிலையான சரிவு என்று முன்பு எழுதப்பட்டது பின்னர் துடிப்புகள் என்று திருத்தப்பட்டதற்குக் கருவியின் வேகம் கூடியது ஒரு முக்கியக் காரணம்.

ஈ.ஜி.டி.ஏ. சேர்த்ததும் என் பூஞ்சை வளர்வதை நிறுத்திவிட்டது. கால்சியம் தேவை என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா?

அதை மட்டும் வைத்து எழுதக் கூடாது. ஈ.ஜி.டி.ஏ. கால்சியத்தை விரும்பிப் பிடித்தாலும் துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றையும் பிடிக்கும். அதன் பிடிப்பு ஊடகத்தின் அமிலத்தன்மையைப் பொறுத்து பெரிதும் மாறும். கால்சியத்தைப் பிடிக்கும்போது புரோட்டான்களை வெளிவிடுவதால் ஊடகத்தையே அமிலமாக்கவும் செய்யும். ஆகவே முதலில் ஊடகத்தின் பி.எச். மாறவில்லை என்பதைத் தாங்கல் கரைசலால் (பி.எச்.-ஐ மாறாமல் வைக்கும் கரைசல்) உறுதி செய்யுங்கள். பிறகு ஈ.ஜி.டி.ஏ. இருக்கும்போதே கால்சியம் குளோரைடைத் திரும்பச் சேர்த்து வளர்ச்சி மீள்கிறதா என்று பாருங்கள். அதே அளவு மெக்னீசியத்தைச் சேர்த்து மீளவில்லை என்பதையும் காட்டுங்கள். துத்தநாகத்தையும் மாங்கனீசையும் தனித்தனியே சேர்த்த தட்டுகளும் அருகிலேயே இருக்கட்டும். வாய்க்கால் மரபணுவை நீக்கிய திரிபு கிடைக்குமானால், அதே தட்டுகளில் அதையும் இட்டு, அது இயல்பான பூஞ்சையைவிடக் குறைந்த ஈ.ஜி.டி.ஏ. அளவிலேயே தளர்ந்துவிடுகிறதா என்று ஒப்பிடுங்கள்.